போல்ட்டு போனானா, யார் பார்த்தது?

1. குழிக்கரண்டி

கிளினிக்கில் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. நீளக் காம்பு வைத்த ஒரு எவர்சில்வர் குழிக்கரண்டி.

“தேவராஜண்ணே, இதை எடுத்துக்கிட்டு அந்த நாய் பின்னாடியே போங்க. அது உக்காரும்போது சத்தமில்லாம கீழ நீட்டுங்க. முதல்ல வர்றதை விட்டுடுங்க, நடுவுல வர்றதைப் பிடிங்க,” என்றார் டாக்டரம்மா.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அதுவரைக்கும் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பவர் பிரஸ் ஓட்டியவன். கம்பெனியை மூடிய பிறகு வேறு வழி தெரியாமல் இந்தத் தனியார் கால்நடை கிளினிக்கில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். நாயைப் பிடிப்பது, வாயைக் கட்டுவது, மேசையைத் துடைப்பது, ஃபோன் எடுப்பது, இதுதான் வேலை என்று சொல்லியிருந்தார்கள். கரண்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

நான் கரண்டியோடு நாய்க்குப் பின்னால் குனிந்து குனிந்து போவதைப் பார்த்துத் தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். “இன்னா தலைவா, நாய்க்கு ரசம் ஊத்துறியா, நாய்கிட்ட வாங்குறியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் வெட்கத்தில் நிமிர்ந்தேன். அந்த நேரம் பார்த்து நாய் வேலையை முடித்துவிட்டது. மறுபடி அரை மணி நேரம் அலைந்தேன்.

என் பிள்ளைகளே, யாழினி, கவின், இது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரியுங்கள். ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது சிரிக்க வைக்க இல்லை. நேற்று நீங்களும் நம் தெருப் பிள்ளைகளும் தெரு நாய் பிஸ்கட்டின் தண்ணீர்ச் சட்டியை யார் கழுவுவது என்று சண்டை போட்டீர்கள். வெள்ளானூரில் இத்தனை வீடு இருக்க, பிஸ்கட் நம் தெருவைத் தேடி வந்து படுத்துக்கொண்டது. ஆறு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து அதற்குச் சோறு வைக்கிறீர்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சண்டையைக் கேட்டதும் எனக்குக் கள்ளிக்குப்பத்து நாய் போல்ட்டு ஞாபகம் வந்தது. பத்தாவது வரைக்கும் படித்தவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் யாழினி திருத்திக்கொள்.

அன்றைக்குக் கரண்டியில் பிடித்த சிறுநீரை டாக்டரம்மா ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். கலங்கல், நிறம், அடியில் மணல் மாதிரி ஏதாவது படிகிறதா என்று பார்த்தார். “எங்க வலிக்குதுன்னு கேட்டா நாய் சொல்லுமாண்ணே? இதுதான் நமக்குச் சொல்லணும்,” என்றார்.

அப்புறம் ஃபோன் எடுக்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வியைச் சொல்லிக்கொடுத்தார். நீர் சம்பந்தமாக யார் கூப்பிட்டாலும் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். ஓடுதா, சொட்டுதா? ஓடுகிறது, ஆனால் ரத்தம் கலந்து வருகிறது, நாற்றம் அடிக்கிறது, போகும்போது கத்துகிறது என்றால் அன்றைக்கோ மறுநாளோ கூட்டி வரச் சொல்ல வேண்டும். சொட்டுகிறது, அல்லது சொட்டும் இல்லை என்றால் என்ன வேலை இருந்தாலும் டாக்டரிடம் ஃபோனைக் கொடுத்துவிட வேண்டும்.

2. “சூடுதான்பா”

நான் சேர்ந்து சில வருஷம் ஆன பிறகு, ஒரு கத்திரி வெயில் நேரம். மதியம் டாக்டரம்மா உள்ளே டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார். ஃபோன் அடித்தது.

“தேவராஜு, நான் ஏகாம்பரம். பெருசா ஒண்ணும் இல்ல. போல்ட்டுக்குச் சூடு புட்ச்சிகினு கீது. சாயங்காலமா இட்டாறேன். ஒரு ஊசி போட்டு உட்டா சரியாப் பூடும்.”

ஏகாம்பரம் கள்ளிக்குப்பத்தில் ஒரு சந்தில் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர். அதே சந்தில் ரஹீம் பாய் கிரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். சந்து முனையில் கனகா அக்காவின் டீக்கடை. போல்ட்டு அந்தச் சந்தின் நாய். செம்மண் நிறம், ஆண் நாய், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். லேத்துக் கழிவு கொட்டுகிற டிரம்முக்குப் பின்னால் பிறந்தவன். யாரும் வாங்கவில்லை, யாரும் வளர்க்கவில்லை, எல்லாரும் சோறு போட்டார்கள். வருஷம் தவறாமல் தடுப்பூசி போடக் கூட்டி வருவார்கள். அதனால் எனக்கு அவனைத் தெரியும். மேசையில் தூக்கி வைத்தால் என் சட்டைப் பாக்கெட்டை முகர்வான். வாயைக் கட்ட வேண்டிய அவசியமே இருந்ததில்லை.

“சூடுன்னு எப்படிச் சொல்றீங்கண்ணா?” என்று கேட்டேன்.

“காலைத் தூக்கிகினே கீறான்பா. என் ஷட்டராண்ட ஒரு தபா, பாய் கேட்டாண்ட ஒரு தபா, கனகா கடை பெஞ்சாண்ட ஒரு தபா. நேத்துலேர்ந்து இதே வேலை. அட்க்கடி போறான்னா சூடுதான்பா, வேற இன்னா? இந்த வெயிலு மனுசனுக்கே தாங்கல.”

“அண்ணா, ஓடுதா, சொட்டுதா?”

“இன்னாது?”

“காலைத் தூக்குறான், சரி. அவன் நகர்ந்த பிறகு கீழ ஈரம் எவ்வளவு இருக்கு?”

அந்தப் பக்கம் லேத்து சுற்றுகிற சத்தத்துக்கு நடுவே ஏகாம்பரம், “அத்தப் போயி யார்பா பாத்தாங்க?” என்றார்.

“இப்போ போய்ப் பாருங்கண்ணா. ஃபோனை வைக்காதீங்க.”

அவர் எழுந்து போவதும், “டேய் போல்ட்டு, வாடா இங்க,” என்று கூப்பிடுவதும் கேட்டது. திரும்பி வந்து பேசியபோது குரல் மாறியிருந்தது.

“ரெண்டு சொட்டு கீதுப்பா. லேசா செவப்பா கீறாப்புல தெரிது.”

“சாப்பிட்டானா?”

“காலைல கனகா வெச்ச பன்னு அப்டியே கீது. மஞ்சளா வாந்தி எட்த்துருக்கான்.”

“வயிறு?”

“கல்லாட்டம் கீது. தொட்டா உறுமுறான். நம்மளப் பாத்து உறுமாதவன்பா அவன்.”

நான் ஃபோனோடு உள்ளே ஓடினேன். டாக்டரம்மா இடது கையால் வாங்கிக் காதில் வைத்தார். நான் சொன்னதை எல்லாம் திரும்ப ஒரு முறை அவரே கேட்டார். பிறகு, “இப்பவே கிளம்புங்க. சாயங்காலம் வேணாம்,” என்றார்.

“ஒரு ஷாஃப்ட்டு ஓடிகினு கீதும்மா. பார்ட்டி பக்கத்துலயே நிக்கிறான்…”

“பார்ட்டியை நிக்கச் சொல்லுங்க. வயித்தை யாரும் அமுக்கக் கூடாது. வாயில இனிமே எதையும் ஊத்தாதீங்க. தண்ணி கூட வேணாம்.”

டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்தார்.

3. மோட்டார் ஓடுகிறது, குழாய் அடைத்திருக்கிறது

மேசையை ரெடி செய்தேன். ஆண் நாய்க்குப் போடுகிற மெல்லிய ரப்பர் குழாய், அதை கத்தீட்டர் என்பார்கள், மூன்று சைஸில் எடுத்து வைத்தேன். சலைன் பாட்டில், பெரிய சிரிஞ்சு, வாய் கட்டுகிற துணி. எடுத்து வைத்ததையே மறுபடி மறுபடி எடுத்து வைத்தேன். டாக்டரம்மா அதைப் பார்த்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே இருந்தார்.

அவர் சொன்னதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நம் மொட்டை மாடியில் டேங்க் இருக்கிறது. கீழே மோட்டார். மோட்டார் ஓட ஓட டேங்க் நிறையும். குழாயைத் திறந்தால் காலியாகும். உடம்பில் கிட்னிதான் மோட்டார், நீர்ப்பைதான் டேங்க். குழாயில் ஒரு கல் வந்து அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? மோட்டார் நிற்காது. டேங்க் நிறைந்து, விரிந்து, ஒரு கட்டத்தில் கிழியும். கிழியாவிட்டாலும் வெளியே போக வேண்டிய விஷம் எல்லாம் ரத்தத்தில் திரும்பும். முதலில் சாப்பாடு பிடிக்காது, வாந்தி வரும், சுருண்டு படுக்கும், கடைசியில் இதயம் தடுமாறும். ஆண் நாய்க்கு அந்தக் குழாய் நீளம், நடுவில் ஒரு எலும்புக்குக் கீழே ரொம்பக் குறுகலாகப் போகிறது. சின்னக் கல் கூட அங்கே மாட்டிக்கொள்ளும்.

“நீர்க்கடுப்பும் நீர் அடைப்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்ணே. ரெண்டுலயும் நாய் அடிக்கடி காலைத் தூக்கும். நம்ம ஆளுங்க ரெண்டுக்கும் சூடுன்னு ஒரே பேர் வச்சிருக்காங்க. அதான் பயமா இருக்கு,” என்றார்.

ஃபோன் போட்டேன்.

“எங்கண்ணா இருக்கீங்க?”

“பாயோட லோடு ஆட்டோல வந்துகினு கீறோம். ஓ.டி. சிக்னல்ல மாட்டிகினோம். ஒரு வண்டியும் நவுரல.”

பின்னால் போல்ட்டு முனகுவது கேட்டது. யாரோ, “இதோ வந்துட்டோண்டா, இதோ வந்துட்டோம்,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெண் குரல். கனகா அக்கா கடையை விட்டுவிட்டு ஏறியிருக்கிறார் என்று புரிந்தது.

மறுபடி கூப்பிட்டபோது முனகல் இல்லை.

“தூங்கிட்டாம்பா,” என்றார் ஏகாம்பரம்.

நான் டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரியைத் திறந்து இன்னொரு மருந்துக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். நான் வாசலுக்கும் உள்ளேயும் நடந்துகொண்டிருந்தேன். நாய் கத்தினால் கூடத் தைரியமாக இருக்கும். கத்துகிற நாய் சத்தம் அடங்குவதுதான் இந்த வேலையில் எனக்குப் பெரிய பயம்.

4. மூன்று பேரும் சொன்னார்கள்

ரஹீம் பாய் நாயைத் தொட மாட்டார். அவர் தொழுகைக்குப் போகிறவர், தொட்டால் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதால் தள்ளியே நிற்பார். ஆனால் மதியம் எலும்பு தவறாமல் வைப்பார். அந்தப் பாய்தான் போல்ட்டை ஒரு கோணியில் சுற்றி, மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“பாய், நீங்க…” என்று கை நீட்டினேன்.

“அட, கழுவிக்கலாம்பா. நீ வழிய உடு,” என்றார்.

மேசையில் வைத்தோம். போல்ட்டு என் பாக்கெட்டை முகரவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை எங்கேயோ இருந்தது. டாக்டரம்மா வயிற்றில் இரண்டு விரல் வைத்து உடனே எடுத்துக்கொண்டார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“ஹார்ட் மெதுவா அடிக்குது,” என்றார். பிறகு மூன்று பேரையும் பார்த்து, “நேத்துலேர்ந்து இவனுக்கு என்னென்ன குடுத்தீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க. திட்ட மாட்டேன்,” என்றார்.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். “பார்லி கஞ்சி வெச்சேம்மா. நல்லா ஆற வெச்சித்தான். அப்புறம் ஊட்டுல வாழத்தண்டு சாறு குடுத்து உட்டாங்க. தொப்புள்ல வெளக்கெண்ண வெச்சேன்.”

“நான் நீர்மோரு ஊத்துனேன்,” என்றார் கனகா அக்கா.

ஏகாம்பரம் திரும்பினார். “நீ எப்ப குட்த்த?”

“காலைல. ஏன், நீ மட்டுந்தான் குடுக்கணுமா? பட்டா போட்டு வெச்சிருக்கியா?”

“நான் எளனி குட்த்தேன்,” என்றார் ரஹீம் பாய் மெதுவாக. “நேத்தும், இன்னிக்கும். வாயைப் புடிச்சி ஊத்துனேன். சூட்டுக்கு நல்லதுன்னு…”

இளநீர் என்றதும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடிதான். நான் மட்டும் பக்கத்தில் இருந்ததால் கவனித்தேன்.

“வலிக்கு மாத்திரை ஏதாவது?”

கனகா அக்கா முந்தானையைச் சுருட்டினார். “நான் காச்சலுக்குப் போடுற மாத்திரைய பன்னுக்குள்ள வெச்சேன். அவன் துண்ணல.”

“தின்னலயே? நல்லாத் தெரியுமா?”

“பன்னு அப்டியே கீதும்மா. சத்தியமா.”

“நல்லதாப் போச்சு. மனுஷங்க மாத்திரை இவங்களுக்கு ஆகாது.” பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். “நேத்துலேர்ந்து இவன் ஒழுங்கா நீர் போனதை யார் பார்த்தீங்க?”

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“பாய் கேட்டாண்ட போயிருப்பான்னு நெனச்சேன்,” என்றார் ஏகாம்பரம்.

“நான் கனகா கடையாண்ட போறான்னு…” என்றார் பாய்.

“அய்யோ, என் பெஞ்சாண்ட ஒரு சொட்டு ஈரம் இல்லியே. லேத்தாண்டதான் போறான்னு நெனச்சிகினேனே,” என்று வாயைப் பொத்திக்கொண்டார் கனகா அக்கா.

மூன்று பேரும் ஆசையாக ஊற்றியிருக்கிறார்கள். ஊற்றியது எல்லாம் உள்ளேயே இருக்கிறது. வெளியே வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள்.

5. “இருக்கு மேடம், இருக்கு”

முதலில் இதயத்துக்கு ஒரு ஊசி. அந்த அலமாரிக் குப்பி அதற்குத்தான். மெதுவாக, மிக மெதுவாக ஏற்றினார். அடுத்து வயிற்றுக்கு மேலேயே ஒரு மெல்லிய ஊசி போட்டு, நீர்ப்பையிலிருந்து நேராகக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார். டீ டிகாஷன் நிறத்தில் வந்தது. எடுக்க எடுக்க வயிற்றின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

“இது தற்காலிகம்தான். கல்லை நகர்த்தணும். அதுக்கு லேசா மயக்கம் குடுக்கணும். இதயம் இப்படி இருக்கும்போது மயக்கம் குடுக்கிறது ஆபத்து. குடுக்காம விட்டா அதைவிட ஆபத்து,” என்றார். “சம்மதம் வேணும். ஓனர் யாரு?”

கனகா அக்கா ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

“எல்லாருக்குந்தாம்மா,” என்றார் ஏகாம்பரம்.

“எல்லாரும் கையெழுத்துப் போட முடியாதேண்ணா. யாராவது ஒருத்தர் பொறுப்பு எடுக்கணும்.”

ஏகாம்பரம் கையைப் பார்த்துக்கொண்டார். பட்டறையிலிருந்து அப்படியே வந்த கை. “நான் போட்டு, அவன் பூட்டான்னா?” என்று கேட்டார். சந்தில் எல்லாரையும் அதட்டுகிற மனுஷர். அந்தக் குரலை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

கனகா அக்காதான் சொன்னார். “காலைல ஷட்டரு தொறக்கசொல்ல மொதல்ல யாரு காலாண்ட வந்து நிக்கிறான்? எங்கிட்டயா வர்றான்? போடுய்யா.”

போட்டார். கிரீஸ் ரேகை காகிதத்தில் பதிந்தது.

மூன்று பேரையும் வெளியே உட்காரச் சொன்னோம். என் வேலை பிடிப்பது. ஒரு கையால் பின்னங்காலை விலக்கிப் பிடிக்க வேண்டும். இன்னொரு கையின் விரலைத் தொடையின் உள்பக்கம் வைத்து நாடி பார்க்க வேண்டும்.

“துடிப்பைச் சொல்லிக்கிட்டே இருங்கண்ணே. நான் அந்தப் பக்கம் பார்க்க முடியாது.”

“இருக்கு மேடம்.”

கத்தீட்டர் கொஞ்ச தூரம் போனது. நின்றது. ஈர மணலில் கம்பியைக் குத்துகிற மாதிரி நறநற என்று ஒரு உரசல். எனக்கே கேட்டது.

“இங்கதான் இருக்கு,” என்றார். சிரிஞ்சில் சலைனை அழுத்தி, தண்ணீர் வேகத்தால் கல்லைப் பின்னுக்குத் தள்ளப் பார்த்தார். தண்ணீர் அவர் முழங்கை வழியாகத் திரும்பி வழிந்தது. கல் அசையவில்லை.

“இருக்கா?”

“இருக்கு மேடம்.”

குழாயை மாற்றினார். மறுபடி அழுத்தினார். மறுபடி வழிந்தது. அவர் நெற்றி வியர்வை கண்ணாடியில் சொட்டியது. துடைக்க இரண்டு பேருக்கும் கை ஒழியவில்லை.

“தேவராஜண்ணே?”

என் விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. விரலைக் கொஞ்சம் நகர்த்தினேன். இல்லை. இன்னும் அழுத்தினேன். ஒரு பெரிய இடைவெளிக்குப் பிறகு, லேசாக ஒன்று தட்டியது. அடுத்தது வருமா என்று என் மூச்சை நிறுத்திக் காத்திருந்தேன். வந்தது.

“இருக்கு… மேடம், இருக்கு.”

மூன்றாவது முறை அழுத்தியபோது அவர் கை சட்டென்று முன்னால் போனது. ஏதோ வழிவிட்ட மாதிரி. கத்தீட்டர் முழுக்க உள்ளே போனது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு எவர்சில்வர் ட்ரேயில் சத்தம் கேட்டது. முதலில் சொட்டுச் சொட்டாக, அப்புறம் சீராக.

கதவுக்கு வெளியே ஏகாம்பரம் கேட்டார். “இன்னா சத்தம் அது?”

“ஓடுதுண்ணா,” என்றேன்.

6. வெர்னியர்

அத்தோடு முடிந்துவிடவில்லை. குழாய் திறந்தாலும் கிட்னி தேறுமா என்பது தெரிய நாள் ஆகும். ரத்தப் பரிசோதனை, டிரிப்ஸ், மறுபடி ரத்தப் பரிசோதனை. முதல் இரண்டு ரிப்போர்ட்டும் நன்றாக இல்லை. சந்திலிருந்து ஆள் மாற்றி ஆள் வந்து கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் காலையில் நான் கூண்டைத் திறந்தபோது போல்ட்டு தலையைத் தூக்கி என் சட்டைப் பாக்கெட்டை முகர்ந்தான். ரிப்போர்ட் வருவதற்கு முன்பே எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

கொஞ்சம் தேறியதும் ஆபரேஷன் செய்து நீர்ப்பையிலிருந்த கற்களை எடுத்தார்கள். என்ன வகைக் கல் என்று பார்க்க லேபுக்கு அனுப்ப வேண்டும், அதற்கேற்ற மாதிரிதான் சாப்பாட்டை மாற்ற வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் ஏகாம்பரம் குப்பியை வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பட்டறையில் அளவு பார்க்கிற வெர்னியரை எடுத்து, குப்பிக் கண்ணாடிக்கு வெளியே வைத்தே ஒரு கல்லை அளந்தார். “இத்தினிக்கூண்டு,” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

ரஹீம் பாய் கடைசி வரைக்கும் காத்திருந்து, மற்றவர்கள் வெளியே போனதும் கேட்டார். “ஏம்மா, நான் எளனி குட்த்தது தப்பா?”

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். “ஒழுங்கா நீர் போற நாய்க்குக் கொஞ்சம் குடுத்தா ஒண்ணும் ஆகாது பாய். அடைச்சுக்கிட்ட நாய்க்கு ஆகாது. அதுல இருக்கிற பொட்டாசியம் வெளிய போக வழியில்லாம ரத்தத்துல ஏறும். இதயத்தைப் பிடிக்கும். உங்களுக்கு இது தெரிஞ்சிருக்க நியாயமில்ல. பாசத்துலதான குடுத்தீங்க.”

பாய் தலையாட்டினார். “பாசம் மட்டும் பத்தாதும்மா. பாக்கவும் செய்யணும்,” என்று சொல்லிவிட்டுப் போய்க் கையைக் கழுவினார்.

7. பிஸ்கட்டுக்காக

பிள்ளைகளா, பிஸ்கட்டும் ஆண் நாய்தான். அதனால் கேளுங்கள். காலைத் தூக்கி நிற்கிறான் என்பதால் நீர் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. நகர்ந்த பிறகு கீழே பாருங்கள். ஈரம் இல்லை, சொட்டுத்தான் இருக்கிறது, மறுபடி மறுபடி முக்குகிறான் என்றால் மழையானாலும் பரீட்சையானாலும் உடனே என்னைக் கூப்பிடுங்கள். நான் வேலையில் இருந்தால் வேறு பெரியவர் யாரையாவது கூப்பிடுங்கள். காத்திருக்கிற விஷயம் இல்லை. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வயிற்றை அமுக்காதீர்கள், வலியில் இருக்கிற நாய் உங்களையும் கடிக்கும். நல்லாயிருக்கிற நாளில் சட்டியில் எப்போதும் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். அது கல் சேராமல் இருக்க உதவும். அடைத்த பிறகு ஊற்றுகிற தண்ணீர் உதவாது.

எல்லா நாய்க்கும் ஒரே கதையும் இல்லை. கொரட்டூரிலிருந்து ஒரு வயசான பெண் நாய் வரும். தூக்கத்தில் மெத்தையை நனைக்கிறது, திமிர் என்று சொல்லி மொட்டை மாடியில் கட்டிப் போட்டிருந்தார்கள். திமிர் இல்லை, வயசான உடம்பில் பிடிப்பு தளர்ந்துவிட்டது. மாத்திரையில் சரியாகி மறுபடி ஹாலில் படுக்கிறது. திடீரென்று சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்து, நிறைய நீர் போகிற நாயையும் சும்மா விடக்கூடாது. சர்க்கரையாக இருக்கலாம், கிட்னியாக இருக்கலாம், கருத்தடை செய்யாத பெண் நாயாக இருந்தால் கர்ப்பப்பையில் சீழ் கூடப் பிடித்திருக்கலாம். மழைக்காலத்தில் கண் மஞ்சளாகி, நீரும் அடர்த்தியான நிறத்தில் போனால் எலி மூலம் வருகிற காய்ச்சலாக இருக்கலாம். அது நமக்கும் தொற்றும். எந்த நாயின் நீரையும் வெறும் கையால் தொடாதீர்கள். நான் உறை போட்டுத்தான் கரண்டி பிடிக்கிறேன்.

தையல் பிரித்துக் கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் அந்தச் சந்து வழியாக வந்தேன். ஷட்டர்கள் திறக்கிற நேரம். கனகா அக்கா பாய்லரைப் பற்றவைத்துக்கொண்டே சந்துக்குள் பார்த்துக் கத்தினார்.

“போல்ட்டு போனானா?”

“போனான்,” என்று லேத்துப் பட்டறையிலிருந்து குரல் வந்தது.

“யாரு பாத்தது?”

“நான்தான் பாத்தேன். ஏகாம்பரம். பாய் வண்டி டயர்ல. நல்லா ஓடிச்சி.”

“என் வண்டிலயாடா? டேய், நேத்துதான்டா கழுவுனேன்!” என்று ரஹீம் பாய் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். டயரைப் பார்த்தார். போல்ட்டு மடிந்த காதோடு அவரைப் பார்த்து வாலை ஆட்டினான். பாய் குனிந்து, டயருக்குக் கீழே மண்ணில் பரவியிருந்த ஈரத்தைப் பார்த்தார்.

“நல்லாத்தான் ஓடியிருக்கான்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தச் சந்தில் இப்போது தினமும் இதைக் கேட்கிறார்கள். ‘போனான்’ என்று மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பார்த்தவர் பெயர் வேண்டும்.

பிஸ்கட்டின் சட்டியை யார் வேண்டுமானாலும் கழுவுங்கள். நாளைக்குக் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று உங்களிடம் அதே கேள்வியைக் கேட்பேன். எனக்கு ஒரு பெயர் வேண்டும்.